லிஃப்ட் வேலையிலிருந்து மகளை மீட்கப் போன விவரம்

பேரன்பும் பெருமதிப்பும், அவற்றோடு வழக்கமான பயமும் கலந்து வணங்கும் மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், உங்கள் தங்கை, உங்கள் மருமகள் மூவரும் நலம். என் முழங்கால்கள் மட்டும் நலமில்லை. காரணம் கடிதத்தின் பாதியில் வரும். அவ்விடம் தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்றும், தங்கள் ரத்த அழுத்தம் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையிலாவது ஒரு நிலையில் நிற்கும் என்றும் நம்புகிறேன். அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. போனில் சொல்லலாமே, எதற்குக் காகிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் ஹலோ சொன்ன மறு நொடியே என் வாய் “சரிங்க மச்சான்” என்று சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகு சொல்ல எனக்கு எதுவும் மிச்சம் இருப்பதில்லை. முறைப்படி பார்த்தால் நான் மாப்பிள்ளை, நீங்கள்தான் எனக்குப் பயப்பட வேண்டும். நம் வீட்டில் அது கல்யாணத்தன்றே தலைகீழாகிவிட்டது. காகிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது என்கிற ஒரே தைரியத்தில் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தாங்கள் இட்ட உத்தரவு எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. “மாப்ளே, அப்பனா நீங்க? பெத்த பொண்ணைக் கயித்துல தொங்கவிட்டுட்டுக் கடையில உக்காந்து பட்டன் வித்துட்டு இருக்கீங்க. என் ஆபீஸ்ல நாற்காலி ரெடி, மேசை ரெடி, ஃபேன் நேரா தலைக்கு மேல. அந்த ஆளுங்ககிட்டப் பேசிப் புள்ளையை விடுவிச்சுட்டு வாங்க. அடுத்த திங்கக்கிழமை காலையில என் ஆபீஸ்ல இருக்கணும்.” நானும் சரிங்க மச்சான் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஏனென்றால் லிஃப்ட் என்றால் எனக்கு உள்ள பயம் உங்களுக்கே தெரியும். மூன்றாம் மாடிக்கு மேல் குடியிருக்கும் சொந்தக்காரர் எவர் வீட்டு விசேஷத்துக்கும் நான் போனதில்லை. கேட்டால் படி ஏறுவது உடம்புக்கு நல்லது என்பேன், ஏறவும் மாட்டேன். என் கண் டாக்டர் ஐந்தாம் மாடிக்கு இடம் மாறினார், நான் டாக்டரை மாற்றிவிட்டேன். ஒரு கம்பியில் தொங்குகிற இரும்புப் பெட்டிக்குள் சொந்தக் காலால் நடந்துபோய் நின்றுகொண்டு, கதவை வேறு சாத்திக்கொள்கிறார்களே, இவர்களுக்கு என்ன குறை என்று நினைக்கிறவன் நான். அப்படிப்பட்டவனுக்குப் பிறந்தது போயும் போயும் லிஃப்ட் மெக்கானிக் வேலையில்தான் அப்ரண்டிஸாகச் சேருவேன் என்று நின்றது. எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுபோன அன்று ஒரு கல்யாணத்துக்குப் புதுத் துணி உடுத்திக் கிளம்பியவள், ரிப்பேர் செய்ய வந்த ஆள் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்ததைத் தானும் எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான். நாங்கள் கல்யாணத்துக்குப் போய், சாப்பிட்டு, மொய் எழுதித் திரும்பி வரும்போதும் அதே இடத்தில் புதுத் துணியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “அண்ணா, அது எதுக்கு? அண்ணா, இது எதுக்கு?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏற்பாடு எப்படி என்று உங்களுக்கு நான் விளக்கியதில்லை, விளக்க விட்டதில்லை. வாரத்தில் பாதி நாள் பயிற்சிப் பள்ளியில் பாடம், பாதி நாள் ஏதாவது கட்டடத்தில் ஒரு மூத்த மெக்கானிக்கோடு வேலை. முதல் மூன்று மாதம் வைத்துப் பார்ப்பார்கள். ஆள் தேறினால் மூன்று வருஷம் சொல்லித் தந்து சான்றிதழ் கொடுத்து மெக்கானிக் ஆக்குவார்கள். தேறாவிட்டால் போய்வா என்பார்கள். இந்தச் சனிக்கிழமையோடு அந்த மூன்று மாதம் முடிகிறது. அவளுக்கு வாய்த்த மூத்தவர், சட்டைப் பையில் பேனா குத்த வேண்டிய இடத்தில் எப்போதும் ஒரு சின்ன ஸ்பேனர் குத்தியிருப்பார். ஊரே அவரை ஸ்பேனர் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறது. அவர் முதல் இரண்டு வாரம் அவளுக்குக் கொடுத்த வேலை, லிஃப்ட் ஓடுகிற கிணற்றின் அடிப் பள்ளத்தைக் கூட்டுவது. கதவு இடுக்கு வழியாக மனிதர்கள் தவறவிட்டதெல்லாம் அங்கேதான் கிடக்குமாம். சாவிகள், ஒற்றைத் தோடுகள், ஒரு குழந்தைச் செருப்பு, ஒரு தடவை மேல்வரிசைப் பல் செட்டு. “பல் விழுந்தது கூடவா தெரியாது?” என்று உங்கள் தங்கை கேட்டதற்கு, “லிஃப்ட்ல யாரோ தெரிஞ்சவங்களைப் பார்த்துச் சிரிச்சிருப்பாரும்மா” என்றாள்.

இரண்டு வாரம் குப்பை கூட்டினால் தானாகத் திரும்பி வந்துவிடுவாள் என்று நான் காத்திருந்தேன். திரும்பி வந்தது அவள் இல்லை, அவர்களுடைய வேலை வழக்கம். லிஃப்ட் வேலையில் ஒருவர் உச்சியில் இருப்பார், ஒருவர் அடியில் இருப்பார், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால் எதைச் செய்வதற்கும் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அடுத்த ஆள் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாதவரை ஒரு துரும்பு நகரக் கூடாது. நம் பிள்ளை திருப்பிச் சொல்லும் சத்தத்தில் கட்டடமே ஒரு தடவை திருப்பிச் சொல்லுமாம். ஸ்பேனர் அண்ணன் அவளுக்கு எதிரொலி என்று பட்டம் வைத்துவிட்டார். இது வீட்டுக்குள்ளும் நுழைந்தது, மச்சான். “அப்பா, கதவைச் சாத்தப் போறேன்.” “சாத்தும்மா.” “அப்படி இல்லப்பா. ‘கதவைச் சாத்தப் போற, கேட்டுச்சு’ன்னு சொல்லுங்க, அப்பத்தான் சாத்துவேன்.” போகட்டும் குழந்தை என்று நானும் சொன்னேன். ஆனால் உங்கள் தங்கை இதைப் பிடித்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. “குப்பையைக் கீழ கொண்டுபோய்ப் போடுங்க” என்பாள். நான் “ம்” என்பேன். “ம் எல்லாம் செல்லாது. திருப்பிச் சொல்லுங்க.” என் இல்லற வாழ்க்கை முழுவதையும் அந்த ஒரு ‘ம்’மை நம்பித்தான் ஓட்டிவந்தேன். அது போயிற்று.

இன்னொரு வழக்கம், பூட்டு. வேலை செய்யும்போது மின்சாரத்தின் மெயின் சுவிட்சை நிறுத்தி, அதன் மேல் அவரவர் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியை அவரவர் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரும் தெரியாமல் சுவிட்சைப் போட்டு உள்ளே இருக்கிற ஆளை நசுக்கிவிடக் கூடாது என்பதற்காக. சிவப்புப் பூட்டு. அதில் உங்கள் மருமகளின் போட்டோ ஒட்டியிருக்கிறது. போட்டவர்தான் திறக்கலாம். அவளுடைய சாவியும் என் கடை ஷட்டர் சாவியும் எங்கள் வீட்டு வாசலில் ஒரே ஆணியில் தொங்குகின்றன. இனி நடந்ததை நீங்களே யூகித்துவிடுவீர்கள். இருந்தாலும் நான் எழுதியே தீருவேன்.

வியாழக்கிழமை காலை. உங்கள் உத்தரவு வந்து நான்காம் நாள், நான் இன்னும் ஒரு வார்த்தை அவளிடம் பேசியிருக்கவில்லை. அந்தக் குற்ற உணர்வில் அவள் முகத்தைப் பார்க்காமல் அவசரமாக ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஷட்டர் திறக்கவில்லை. சாவியைத் திருப்புகிறேன், நெம்புகிறேன், ஊதுகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார். இப்போது சாவி வழுக்கியது, அவ்வளவுதான் முன்னேற்றம். அதற்குள் கடைக்கு உள்ளே என் போன் அடிக்க ஆரம்பித்தது. முந்தின நாள் கடையிலேயே சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தேன். ஷட்டருக்குப் பின்னால் பட்டன் டப்பாக்களுக்கு நடுவில் கிடந்து அலறு அலறு என்று அலறுகிறது. “யாரோ விடாம அடிக்கிறாங்களே சார்” என்றார் கண்ணாடிக் கடைக்காரர். “எங்க மச்சானாத்தான் இருக்கும்” என்றேன் நான். மன்னிக்க வேண்டும், அப்படித்தான் தோன்றியது. நீங்கள்தான் என்று நினைத்ததும் எனக்கு ஒரு வேகம் வந்தது. கடை திறக்காதது நல்லதுக்குத்தான், இன்றைக்கே போய் அந்த ஸ்பேனர் அண்ணனைப் பார்த்து, ஐயா எங்கள் பெண்ணை விட்டுவிடுங்கள் என்று சொல்லிக் கூட்டி வந்துவிடுவோம் என்று, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எண்ணெய்க் கையோடு அவள் வேலை செய்கிற கட்டடத்துக்குப் பஸ் ஏறினேன்.

அது ஒன்பது மாடிக் கட்டடம். ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு பிழைப்பு. கீழே லிஃப்ட் வாசலில் திருவிழாக் கூட்டம். சாமான் பெட்டிகளோடு ஒரு ஆள். டைப்பிங் வகுப்புக்குப் போகிற பெண்கள். ஆறாம் மாடிப் பல் டாக்டரிடம் போக வேண்டிய ஒருவர் ஒரு பக்கத்துக் கன்னம் பூசணி மாதிரி வீங்கி, கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு. “என்னங்க ஆச்சு?” என்று வாட்ச்மேனைக் கேட்டேன். “நேத்து பிரேக்கைக் கழட்டி வேலை பார்த்துட்டு, ராத்திரி யாரும் தொடக்கூடாதுன்னு பூட்டு போட்டுட்டுப் போனாங்க சார். இன்னிக்குப் பார்த்தா சாவியைக் காணோம். எவனோ ஒரு மகராசன் எடுத்துட்டுப் போயிட்டானாம்.” “என்ன ஆளுங்க சார்!” என்றேன் நான், உண்மையான கோபத்தோடு. “இவ்வளவு பேர் நிக்கிறாங்க, கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாம்?” கன்னம் வீங்கியவர் வலியிலும் என் கருத்தை ஆமோதித்து ஏதோ சொன்னார், வசவு என்று மட்டும் புரிந்தது. “வெட்டிப் போட வேண்டியதுதானே பூட்டை?” என்றேன். “வெட்டலாமாம் சார். ஆனா அதுக்கு அவங்க கம்பெனி மேலாளரே நேர்ல வரணுமாம். வந்தா அந்தப் பொண்ணு வேலை போயிடும்னு பேசிக்கிறாங்க. சனிக்கிழமைதானாம் அதுக்கு முடிவு சொல்ற நாள். பாவம், நல்ல பொண்ணு.” எனக்கு அப்போதுதான் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. எடுத்துப் பார்க்கவில்லை. விரலாலேயே தடவிப் பார்த்தேன். என் ஷட்டர் சாவிக்குத் தலை வட்டம். இதற்குச் சதுரம். கடைக்குள் விடாமல் போன் அடித்தது நீங்கள் இல்லை, அவள்தான்.

மச்சான், இந்த இடத்தில்தான் உங்களை நான் ரொம்ப நினைத்தேன். ஏனென்றால் நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. யாரிடமும் பேச வேண்டாம், கெஞ்ச வேண்டாம், பிள்ளையோடு சண்டை வேண்டாம். கையைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டால் போதும். மத்தியானத்துக்குள் மேலாளர் வருவார், பூட்டை வெட்டுவார், இவளைப் போய்வா என்பார், திங்கட்கிழமை உங்கள் ஃபேனுக்குக் கீழே கொண்டுவந்து உட்கார வைத்துவிடலாம். என் வாழ்க்கையில் உங்கள் உத்தரவு ஒன்று இவ்வளவு சுலபமாக நிறைவேறுவதற்கு வழி கிடைத்தது இதுவே முதல் தடவை. நான் திரும்பினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாசல் பக்கம் இரண்டு எட்டு வைத்தும் விட்டேன்.

அப்போது லிஃப்ட் கதவுக்கு முன்னால் கட்டியிருந்த தடுப்புக்குப் பின்னால், பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல். “எதிரொலி! இருக்கியா?” நான் எட்டிப் பார்த்தேன். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, இரண்டு கையாலும் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, முதல் முறையாக அந்தக் கிணற்றை அண்ணாந்து பார்த்தேன். என்னவென்று எழுதுவேன்! நாம் கிணற்றைக் குனிந்துதான் பார்த்திருக்கிறோம். இது ஆகாயத்தைப் பார்த்து வெட்டின கிணறு. நாலு பக்கமும் சுவர், சுவரோடு ஒட்டி ரயில் தண்டவாளத்தை நட்டுக்குத்தலாக நிறுத்தியது மாதிரி இரும்பு, நடுவில் கூந்தல் மாதிரி எண்ணெய் மினுங்கும் கம்பிக் கயிறுகள். எங்கேயோ உச்சியில் பெட்டியின் அடிப்பாகம் ஒரு தீப்பெட்டி அளவுக்குக் கறுப்பாகத் தெரிகிறது. அதற்கும் மேலேயிருந்து, அந்த இருட்டு முழுக்க நிரம்புகிற மாதிரி, என் மகளுடைய குரல் இறங்கி வந்தது. “இருக்கேன் அண்ணா!” வீட்டில் தண்ணீர் கேட்கிற குரலா இது என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. ஸ்பேனர் அண்ணன் கீழேயிருந்து கத்தினார். “சாவியை உங்கப்பா எடுத்துட்டுப் போயிட்டாருன்னு மேலாளர்கிட்ட சொல்லிடலாமா? அதுதானே உண்மை?” பிறகு மேலேயிருந்து ஒவ்வொரு சொல்லாக வந்தது. “வேண்டாம் அண்ணா. பூட்டு என்னுது. சாவி என்னுது. ஆணியில இருந்ததைப் பார்க்காம எடுத்தது நானு. கடைச் சாவிதான் என் பையில இருக்கு. என் தப்புன்னே சொல்லுங்க.” கீழேயிருந்து, “உன் தப்புன்னு சொல்லணும். கேட்டுச்சு” என்றார் அவர்.

நான் படி ஏற ஆரம்பித்தேன். இதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. முழங்கால் விவரம் இங்கேதான் வருகிறது. இரண்டாம் மாடி வரைக்கும் ஒரு தகப்பனுடைய வேகத்தில் ஏறினேன். மூன்றாம் மாடியில் என் வயசுக்காரன் வேகம். நாலாம் மாடியில் டைப்பிங் வகுப்பின் சத்தமும் என் நெஞ்சின் சத்தமும் ஒரே தாளத்தில் இருந்தன. ஆறாம் மாடியில் பல் டாக்டர் வாசலில் நின்று, “கீழ கன்னம் வீங்கின ஒருத்தர் இருக்காரே, அவரு நீங்களா?” என்று கேட்டார். என் முகம் அப்படி ஆகியிருந்தது போலிருக்கிறது. எட்டாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டேன். மிச்சத்தைப் பிள்ளைகள் ஏறுகிற மாதிரி நாலு காலில் ஏறி முடித்தேன். மொட்டை மாடியை ஒட்டி ஒரு சின்ன அறை. மெஷின் ரூம் என்று எழுதியிருந்தது. உள்ளே என் மகள், தலையில் மஞ்சள் தொப்பி, முழங்கை வரை கரி, சிவப்புப் பூட்டுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. கரியில் கோடு இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கையை நீட்டி, “சாவியைக் கையில குடுங்கப்பா. குடுத்தேன்னு சொல்லுங்க” என்றாள். எனக்கு மூச்சே வரவில்லை, இருந்தாலும், “குடுத்தேன்” என்றேன். “வாங்கிட்டேன்” என்றாள். பிறகுதான் என்னைப் பிடித்து அந்த ஸ்டூலில் உட்கார வைத்தாள். பூட்டைத் திறந்தாள். “என்னப்பா இது, ஒரே எண்ணெய்?” என்று மட்டும் கேட்டாள்.

ஸ்பேனர் அண்ணன் அடுத்த கொஞ்ச நேரத்தில் படியேறி வந்து சேர்ந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டு, “மேலாளர் புறப்பட்டுட்டாரா?” என்றேன். “எங்கங்க, இன்னும் போனே போடல. பள்ளத்துல சிக்னலே கிடைக்க மாட்டேங்குது” என்றார். நான் படியேறும்போது, அவர் இருந்த பள்ளத்துக்கு இரண்டடி தள்ளி வாட்ச்மேன் சம்பந்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்; சொல்லவில்லை. “சார் எதுக்கு வந்தீங்க?” என்றார். உங்கள் உத்தரவு தொண்டை வரைக்கும் வந்தது. “சாவி குடுக்க” என்றேன்.

பிறகு அவர்கள் பாட்டுக்கு வேலை பார்த்தார்கள், நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். கல்யாண மண்டபத்து அண்டா அளவுக்கு ஒரு சக்கரம், அதன் மேல் அந்தக் கயிறுகள் மாலை மாதிரி விழுந்து ஒரு பக்கம் பெட்டிக்கும் இன்னொரு பக்கம் ஒரு பெரிய இரும்புக் கட்டிக்கும் போகின்றன. பெட்டியோடு பாதிக் கூட்டமும் சேர்ந்தால் எவ்வளவு கனமோ அவ்வளவு கனம் அந்தக் கட்டியாம். “அப்பா, காலிப் பெட்டி பிடி விட்டுப் போச்சுன்னா என்ன ஆகும் சொல்லுங்க?” என்றாள். “விழும். தெரிஞ்சதுதானே.” “மேல போகும்பா. கட்டிதான் கனம், அது இறங்கும், பெட்டி ஏறும்.” பிரேக்கைக் காட்டினாள். இரண்டு தடித்த ஸ்பிரிங்குகள் சக்கரத்தை இரு பக்கமும் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கரண்ட் எதற்குத் தெரியுமா மச்சான்? பிடிப்பதற்கு இல்லை, விடுவதற்கு. கரண்ட் வந்தால்தான் அது பிடியை விடும். கரண்ட் போய்விட்டால் அந்த நொடியே பிடித்துக்கொள்ளும். நான் இத்தனை வருஷமும் கரண்ட் போனால் பெட்டி போயிற்று என்று பயந்துகொண்டிருந்தேன். தப்பான திசையில் பயந்திருக்கிறேன். யாரோ ஒருவர், நான் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்னால், என்னை மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளிக்காக உட்கார்ந்து யோசித்து இதைச் செய்துவைத்திருக்கிறார். அதன் திருகை என் மகள் முறுக்கிக்கொண்டிருக்கிறாள். முறுக்கி, காது வைத்துக் கேட்டு, கால் சுற்று தளர்த்தி, மறுபடியும் கேட்கிறாள். ஸ்பேனர் அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான் மூச்சுச் சத்தம் கேட்டுவிடப் போகிறதே என்று வாயை மூடிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பரிசு கொடுத்த அன்று கூட நான் இப்படி ஒடுங்கி உட்கார்ந்ததில்லை.

வேலை முடிந்து, காலிப் பெட்டியைப் பல தடவை ஓட்டிப் பார்த்தார்கள். அடுத்து, ஆள் அதிகமானால் மணி அடிக்கிறதா என்று பார்க்க, உச்சி மாடியில் கதவைத் திறந்து நிறுத்தி எடைக்கற்களை அடுக்கினார்கள். “கடைசிக் கல்லு கீழ இருக்கு, ஒரு ஆள் எடை குறையுது. சார், கொஞ்சம் உள்ள நில்லுங்க” என்றார் ஸ்பேனர் அண்ணன். நகராது, கதவு திறந்தே இருக்கும் என்று மகள் மூன்று தடவை சொன்ன பிறகு ஒரு காலை வைத்தேன். ஒன்றுமில்லை. மறு காலை வைத்தேன். கட்டடமே அதிர மணி அடித்தது. “ஒரு ஆள்தானே கேட்டேன்” என்றார் அவர். பெட்டியிலிருந்த கற்களையெல்லாம் இறக்கினார்கள். நான் இறங்கவில்லை. தைரியத்தால் இல்லை, முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. வேலையில் கைவைத்தவர்தான் முதலில் ஏறிப் போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மகள் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றாள். ஸ்பேனர் அண்ணன் மெஷின் ரூமுக்குப் போனார்.

“அப்பா, கீழ இறக்கப் போறேன்.”

படியில் இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். முழங்கால் வேண்டாம் என்றது. மேலேயிருந்து, “என்ன எதிரொலி, நிக்குது?” என்று குரல் வந்தது. “உள்ள ஆள் இருக்கு அண்ணா. இன்னும் சொல்லல.” “அப்ப நிக்கட்டும்.” கீழே கிணற்றின் அடியிலிருந்து கன்னம் வீங்கியவர் ஏதோ கத்தினார். யாருக்கும் புரியவில்லை, எல்லாருக்கும் புரிந்தது. மகள் பொத்தானுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அவசரப்படுத்தவில்லை, கெஞ்சவில்லை, என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சொல்லாவிட்டால் சாயங்காலம் வரைக்கும் அப்படியே நிற்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“கீழ இறக்கப் போற. கேட்டுச்சு” என்றேன்.

கதவு சாத்திக்கொண்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். “அப்பா, கோட்டுக்குத் தைக்கிற பெரிய பட்டன் ஏதாவது பையில இருக்கா?” பட்டன் கடைக்காரன் பையில் பட்டன் இல்லாமல் இருக்குமா? எடுத்துக் கொடுத்தேன். குனிந்து அதைத் தரையில் விளிம்பில் நிறுத்தி வைத்தாள், சக்கரம் மாதிரி. “இதைப் பாருங்க” என்றாள். ஒன்பது மாடி இறங்கினோம், மச்சான். நான் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயும், இப்போது சாயும் என்று பார்க்கிறேன். அது அசையவில்லை. எண்கள் ஒவ்வொன்றாக மாறுகின்றன, நானும் அவளும் அந்தப் பெட்டியும் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டு இறங்குகிறோம், பட்டன் சுவரில் அடித்த ஆணி மாதிரி நிற்கிறது. எப்போது தரைக்கு வந்தோம் என்பதே எனக்குத் தெரியவில்லை. கதவு திறந்தது. கன்னம் வீங்கியவர் பாய்ந்து உள்ளே வந்தார், பட்டனைக் காலால் எற்றிவிட்டார். அது உருண்டுபோய்க் கதவு இடுக்கு வழியாகப் பள்ளத்தில் விழுந்தது. “விடுங்கப்பா, கூட்டும்போது எடுத்துக்கலாம்” என்றாள் மகள்.

இன்று சனிக்கிழமை. காலையில் மேலாளர் கூப்பிட்டு, மூன்று வருஷத்துக்கு எடுத்துக்கொண்டோம் என்று சொல்லிவிட்டார். சாவி விஷயத்தை ஸ்பேனர் அண்ணன் சொல்லவில்லையாம். இவளே சொல்லியிருக்கிறாள். ஆணியை மாற்று என்றாராம் மேலாளர், அவ்வளவுதான். மாற்றிவிட்டோம். ஆகவே மச்சான், தங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டு, அதே சமயம் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு தெரிவிப்பது என்னவென்றால், பிள்ளை வேலையை விடாது, நானும் விடச் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை அவள் உங்கள் ஆபீசுக்கு வரமாட்டாள். நாற்காலியை வேறு யாருக்காவது கொடுங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள். இந்த உத்தரவு ஒன்றைத் தவிர மற்ற எல்லா உத்தரவுகளுக்கும் நான் என்றும்போல் கட்டுப்பட்டவன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் முத்தம். தங்கள் கோபம் ஆறி, தங்கள் ஆசி அவள் தலைத் தொப்பியைத் தாண்டி உள்ளே இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
சொன்னதைச் செய்யாத, ஆனாலும் உங்களுக்கே சொந்தமான
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறை ஒட்டி ஆள் கையில் கொடுத்தனுப்புவதற்கு முன் கடிதத்தை மகளிடம் படிக்கக் கொடுத்தேன். “மாமா ஆபீஸ் எந்தக் கட்டடம்?” என்று கேட்டாள். சொன்னேன். சிரித்தாள். மேலே எழுதியதையெல்லாம் தயவுசெய்து அடித்துவிடவும். உங்கள் உத்தரவுப்படியே திங்கட்கிழமை காலை பிள்ளை உங்கள் ஆபீசில் இருப்பாள். உங்கள் கட்டடத்து லிஃப்டைச் சரிபார்க்க அன்று அவர்கள் முறையாம். நாற்காலி வேண்டாம், அவள் பெட்டியின் மேல் நிற்பாள். வேலை முடிந்ததும் உங்களைத்தான் முதலில் உள்ளே நிறுத்திக் கூட்டிப் போகப் போகிறாளாம். நான் கையோடு ஒரு பட்டன் கொடுத்தனுப்புகிறேன். “மாமா, கீழ இறக்கப் போறேன்” என்பாள். ‘ம்’ செல்லாது, மச்சான். திருப்பிச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சாயங்காலம் வரை நிற்க வேண்டியிருக்கும்; எனக்குத் தெரியும்.